அப்பா வேடம் போட்டவர்

லிஃப்ட் கம்பெனியில் அவருக்குக் ‘காது’ என்று பெயர். மற்ற மெக்கானிக்குகள் மீட்டரும் கையுமாக அரைநாள் தேடுகிற பழுதை, அவர் ஏதாவது ஒரு மாடிக் கதவில் காதை ஒட்டவைத்து, லிஃப்டை ஒரு தரம் மேலே அனுப்பி ஒரு தரம் கீழே இறக்கிவிட்டு, “இடது பக்கம் ரோலர் தேஞ்சு போச்சு” என்று சொல்லிவிடுவார். திறந்து பார்த்தால் தேய்ந்துதான் இருக்கும். முப்பத்திரண்டு வருடமாக இப்படி. நகரத்தில் அவர் காது படாத பெரிய கட்டடங்கள் குறைவு.

பேச்சு மட்டும் கம்மி. “ம்”, “சரி”, “பாக்கலாம்” இந்த மூன்றை வைத்தே ஒரு வாரத்தை ஓட்டிவிடுவார். கூட வேலை பார்ப்பவன் பதவி உயர்ந்து மேஜைக்குப் போனான், அவர் முகம் அசங்கவில்லை. எதிர்வீட்டுக்காரர் கார் வாங்கி வாசலை அடைத்து நிறுத்தினார், அதற்கும் ஒரு வார்த்தை இல்லை. இந்த மனுஷனுக்குப் பொறாமை என்று ஒன்று உண்டு என யாராவது சொல்லியிருந்தால் கம்பெனியே சிரித்திருக்கும்.

உண்டு. ஒரே ஒரு இடத்தில். மகள் விஷயத்தில்.

மனைவி இறந்தபோது மகளுக்கு வயது பதினொன்று. அதற்குப் பிறகு வீட்டில் இரண்டே பேர். அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் புதிதாக ஒரு கணக்கு டீச்சர் வந்தார். “எங்க மிஸ் சொன்னாங்க, பல்லை மேல இருந்து கீழ தேய்க்கணுமாம்.” “எங்க மிஸ் சொன்னாங்க, உருளைக்கிழங்கைத் தோலோட வேக வைக்கணுமாம்.” அவர் ஒன்றும் சொல்லாமல் தோலோடு வேகவைத்தார். பெற்றோர் கூட்டத்துக்குப் போனபோது அந்த டீச்சரின் புடவைத் தலைப்பு சாக்பீஸ் தூளில் வெளுத்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் ரகசியமாகச் சந்தோஷப்பட்டார்.

பிறகு கல்லூரித் தோழியின் அம்மா ஒருத்தி தன் கையால் பின்னிக் கொடுத்த ஸ்வெட்டர். மகள் அதைக் கழற்றவே மாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அதைக் கொதிக்கிற வெந்நீரில் துவைத்துவிட, அது பொம்மைக்குப் போடுகிற அளவுக்குச் சுருங்கிப் போயிற்று. தெரியாமல் நடந்ததா, தெரிந்தே நடந்ததா என்று அவர் தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டதில்லை. மகள் கொஞ்சம் அழுதாள். அவர் புது ஸ்வெட்டர் ஒன்று வாங்கி வந்து நாற்காலி மேல் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். அதை அவள் இரண்டு தடவை போட்டாள்.

கல்யாணத்தின்போது, வரப்போகிற மாப்பிள்ளையை வெறுப்பதற்கு அவர் எல்லாத் தயாரிப்போடும் இருந்தார். ஆனால் அந்தப் பையன் பரம சாது. அதைவிட முக்கியம், மகள் இவரிடம் எவ்வளவு பேசுவாளோ அவ்வளவுதான் அவனிடமும் பேசினாள். வயிறு எரிய ஒரு முகாந்திரமும் இல்லை. அந்தக் கணக்கில் கல்யாணம் நல்லபடி முடிந்தது.

மகளுக்குச் சினிமாவில் வேலை. ஒன்பது வருடம் யார் யாரிடமோ உதவி இயக்குநராக இருந்தாள். முப்பத்து மூன்று வயதில், ஒரு ஞாயிறு மத்தியானம் அப்பா வீட்டுக்கு வந்தவள், டீயைப் பாதி குடித்துவிட்டு, “அப்பா, என் படம் ஆரம்பிக்கப் போகுது” என்றாள்.

“ம். சரி.”

“கதை என்னன்னு கேக்க மாட்டீங்களா?”

“சொல்லு.”

“ஒரு அப்பா, ஒரு பொண்ணு. ஒரே வீட்ல இருக்காங்க. அப்பா லிஃப்ட் மெக்கானிக்.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். “அப்புறம்?”

“அவ்வளவுதாம்ப்பா. பெருசா ஒண்ணும் நடக்காது.”

“சண்டை?”

“இல்ல.”

“பாட்டு?”

“இல்ல.”

“யாராவது செத்துப் போவாங்களா?”

“படம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அம்மா செத்துட்டாங்க.”

“அப்ப ஜனங்க என்னத்துக்குக் காசு குடுத்து வருவாங்க?”

“அதான் எனக்கும் தெரியல” என்று அவள் சிரித்தாள். போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “அப்பாவா நடிக்கத்தான் இன்னும் ஆள் கிடைக்கல.”

இந்த ஒரு வாக்கியம் அவரைப் பாடாய்ப் படுத்திவிட்டது. மறுநாளே போய் முடி வெட்டிக்கொண்டார். மீசைக்கு மை பூசினார். இரண்டு சட்டை வாங்கினார். குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று, “ம்... சரி... பாக்கலாம்” என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தார். மூன்றும் நன்றாகவே இருந்தன. வாயைத் திறந்து கேட்க மட்டும் மாட்டார். அவளாக வந்து கூப்பிட வேண்டும். அதற்குப் பதில் போனில், ஏதோ ஊர்ப் பேச்சு போல, “ஆள் கிடைச்சாச்சா?” என்று மூன்று தடவை விசாரித்தார். மூன்று தடவையும் “இல்லப்பா.” நாலாவது தடவை அவள் குரலே வேறாக இருந்தது.

“கிடைச்சாச்சுப்பா! அப்படியே அச்சு அசல்! நாடக நடிகர். முப்பது வருஷமா மேடையில இருக்கார். தபாலாபீஸ்ல வேலை பாத்து ரிட்டயர் ஆனவர். கேமராவே வேண்டாம், சும்மா உக்காந்திருந்தாலே போதும், அவரையே பாத்துட்டு இருக்கலாம்.”

மகள் இத்தனை வாக்கியங்களை ஒரே மூச்சில் தன்னிடம் சொல்லி எத்தனை வருடமாகிறது என்று அவர் யோசித்தார். அதுவும் வேறொரு ஆளைப் பற்றி.

“அவர் பத்து நாள் உங்ககூட வந்து நீங்க வேலை செய்யறதப் பாக்கட்டுமாப்பா?”

“வரட்டும். எனக்கென்ன.”

போனை வைத்துவிட்டு மீசையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். மை போகவில்லை. அது மெள்ள வெளுத்து முடிய மூன்று வாரம் ஆயிற்று.

நடிகர் வந்தார். ஒல்லியாக, நெடுநெடுவென்று, பக்கத்தில் குழந்தை தூங்குவது போலத் தாழ்ந்த குரலில் பேசுகிற மனுஷன். சட்டைப் பையில் சின்ன நோட்டு. “நான் உங்களுக்குத் தொந்தரவா இருக்க மாட்டேன் சார்” என்றார். உண்மையிலேயே இருக்கவில்லை. அதுதான் தொந்தரவு. ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்தார். மெக்கானிக் வேலை முடிந்து ஒவ்வொரு விரலாகத் தனித்தனியே துணியில் துடைப்பதைப் பார்த்தார். இரண்டாம் நாள் அவரும் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். படி ஏறுமுன் மெக்கானிக் ஒரு தரம் செருமுவது வழக்கம். அது தன் வழக்கம் என்று அவருக்கே தெரியாது, பின்னாலிருந்து தன் செருமலைக் கேட்கும்வரை. வீட்டுக்குள் யாரோ புகுந்து அலமாரியைத் திறந்து தன் உடுப்புகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது போலிருந்தது.

மூன்றாம் நாள் மெக்கானிக் அள்ளிவிட ஆரம்பித்தார்.

“ஸ்பேனரைச் சட்டைப் பையிலதான் வெக்கணும். பேன்ட் பையில வெக்கக் கூடாது.” இது சுத்தப் பொய். குனிந்தால் சட்டைப் பையில் இருக்கிற ஸ்பேனர் நேரே லிஃப்ட் குழிக்குள்தான் விழும்.

நடிகர் நோட்டில் எழுதிக்கொண்டார்.

“மொட்டைமாடி மோட்டார் ரூம் இருக்கில்ல, அதைத் திறக்கறதுக்கு முன்னாடி மூணு தரம் தட்டணும்.”

“ஏன் சார்? உள்ள யாரும் இருக்க மாட்டாங்களே?”

“அது அப்படித்தான். பழைய ஆளுங்க எல்லாரும் தட்டுவாங்க.”

பழைய ஆள், புது ஆள், எவரும் தட்டியதில்லை. நடிகர் அதையும் எழுதிக்கொண்டு, பூட்டியிருந்த தகரக் கதவின் முன் நின்று, விரல் முட்டியால் மூன்று தரம் பதவிசாகத் தட்டினார். மெக்கானிக் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். வெகுநாள் கழித்து அவருக்குச் சிரிப்பு வந்தது.

ஏழாம் நாள், ஒரு ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் மாடியில் இருவரும் பொட்டலம் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நடிகர் கேட்டார்: “சின்ன வயசுல உங்க பொண்ணு அழுதா நீங்க என்ன செய்வீங்க சார்?”

மெக்கானிக் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார். மனைவி இறந்த மாதத்தில் மகள் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு அழுததும், தான் சமையலறைக்குப் போய்ச் சொட்டாத குழாயைக் கழற்றி வாஷர் மாற்றியதும் நினைவுக்கு வந்தன.

“தூக்கி மடியில வச்சுக்குவேன். தலையைத் தடவிக் கொடுப்பேன். என்னம்மான்னு கேப்பேன்” என்றார்.

நடிகர் அவரையே ஒரு கணம் பார்த்தார். இதை மட்டும் நோட்டில் எழுதவில்லை.

ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் நாலாவது மாடி வீட்டை வாடகைக்கு எடுத்துப் படப்பிடிப்பு நடந்தது. “ஒரு நாள் வாங்கப்பா” என்று மகள் கூப்பிட்டாள். அவர் லீவு போட்டுவிட்டு, புதுச் சட்டையில் ஒன்றைப் போட்டுக்கொண்டு போனார். உள்ளே நுழைந்ததும் அப்படியே நின்றுவிட்டார். அவர் வீட்டுச் சமையலறை அங்கே இருந்தது. கைப்பிடி உடைந்த அதே மாதிரி வாணலி. ஜன்னல் கம்பியில் காயும் கந்தல். கம்பெனி கொடுக்கிற காலண்டர்கூடத் தேதி கிழிக்காமல் தொங்கியது. ‘இவ்வளவு பாத்து வெச்சிருக்காளா’ என்று பெருமையாகத்தான் முதலில் இருந்தது. பிறகு அந்தச் சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார்.

மகள் அந்த ஆளின் முன்னால் மண்டியிட்டு, சட்டைக் காலர் பொத்தானைச் சரிசெய்துகொண்டிருந்தாள். ஏதோ மெதுவாகச் சொன்னாள். அவர் ஏதோ சொன்னார். அவள் தலையை ஆட்டிச் சிரித்தாள். தன் காலரை அவள் தொட்டிருக்கிறாளா என்று மெக்கானிக் யோசித்துப் பார்த்தார். கல்யாணத்தன்று ஒரு நூலை எடுத்துப் போட்டாள். அவ்வளவுதான் ஞாபகம்.

மூலையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். சிறிது நேரத்தில் வேலையாள் ஒருத்தி வாசலில் தலையை நீட்டி, “அப்பா! ஷாட் ரெடி!” என்றாள்.

மெக்கானிக் எழுந்தார். அதே நொடியில் நாற்காலியிலிருந்து நடிகரும் எழுந்தார்.

யாரும் சத்தம் போட்டுச் சிரிக்கவில்லை. விளக்குப் பிடித்திருந்தவர் மட்டும் குனிந்து ஒயரை ஆராய்ந்தார். படத்தில் நடிகர்தான் அப்பா என்பதால் எல்லாருமே அவரை அப்பா என்றுதான் கூப்பிடுவார்களாம். மெக்கானிக் உட்கார்ந்தார். காது இரண்டும் அடுப்பில் வைத்தது போலச் சுட்டன.

எடுக்கப் போன காட்சி, மகளாக நடிக்கும் பெண் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுவது. ஒத்திகையில் நடிகர் மெல்ல அவளருகில் போனார். தலையைத் தடவக் கையை நீட்டினார்.

“என்ன சார் இது?” என்றாள் மகள்.

“தலையைத் தடவி, என்னம்மான்னு கேப்பேன்னு அவர்தான் சொன்னார்.”

மகள் திரும்பி மூலையில் இருந்த அப்பாவைப் பார்த்தாள். ஒரு நொடி. கோபம் இல்லை, கேலி இல்லை, பார்த்தாள் அவ்வளவுதான். பிறகு நடிகரிடம் சொன்னாள்: “இல்ல சார். இந்த அப்பா கிட்ட போக மாட்டார். எழுந்து குழாய்கிட்ட போங்க. சொட்டாத குழாய்தான். அதைக் கழட்டுங்க. அவ அழுது முடிக்கற வரைக்கும் மாட்டாதீங்க.”

மெக்கானிக் எழுந்து வெளியே வந்து படிக்கட்டில் நின்றார். சிறிய வயதில் தாழ் போட்ட கதவுக்குப் பின்னாலிருந்து அவளுக்கு அந்த ஸ்பேனர் சத்தம் கேட்டிருக்கிறது.

காட்சி எடுத்து முடிந்தும் அவர் அங்கேயே நின்றிருக்கும்போதுதான் மகளும் நடிகரும் கீழே தெருவில் அடுத்த காட்சிக்கு இடம் பார்க்க லிஃப்டில் ஏறினார்கள். கூடவே இரண்டு பெரிய விளக்குகளையும் இரும்புப் பெட்டிகளையும் ஏற்றியிருந்தார்கள். லிஃப்ட் இறங்குகிற சத்தத்தைக் கேட்டதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது, இது கீழே போய்ச் சேராது என்று. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றுபோயிற்று.

காவலாளி பதறியடித்துக்கொண்டு மேலே ஓடிவந்தார். “பதறாதீங்க. நான் இருக்கேன். நீங்க மூணாவது மாடியில நில்லுங்க” என்று சொல்லிவிட்டு, சாவியை வாங்கிக்கொண்டு மெக்கானிக் மொட்டைமாடி மோட்டார் ரூமுக்குப் போனார். மின்சாரத்தை நிறுத்தினார். இனி பிரேக்கைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டை மாடி மட்டத்துக்குக் கொண்டுவந்தால் முடிந்தது. மூன்று நிமிட வேலை.

பிரேக் கம்பியில் கை வைத்தார். மோட்டார் ரூம் தரையில், இரும்புக் கயிறுகள் இறங்குகிற துளை வழியாகக் கீழே பேசுவது குழாய்க்குள் பேசுவது போலத் தெளிவாக வந்தது.

“இந்நேரம் ஒரு நிஜ மெக்கானிக் உள்ள இருந்திருக்கணும்” என்றார் நடிகர்.

மகள் சிரித்தாள். “நீங்க மூணு தரம் தட்டிப் பாருங்க சார்.”

இருவரும் சிரித்தார்கள். மெக்கானிக்கின் கை பிரேக்கிலேயே இருந்தது.

பிறகு நடிகர், “உங்களுக்குச் சரியாத் தூக்கம் இல்லையே? ஷூட்டிங் ஆரம்பிச்ச பத்து நாளா பாக்கறேன், கண்ணெல்லாம் உள்ள போயிருக்கு” என்றார்.

பிறகு மகள்: “எட்டு மாசமா தனியா இருக்கேன் சார். நானும் அவரும் பிரிஞ்சுட்டோம்.”

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“சொல்லலாமே.”

“சொன்னா என்ன செய்வார்னு எனக்குத் தெரியும். ஒண்ணும் கேக்க மாட்டார். என் வீட்டுக்கு வந்து எல்லாக் கதவுக்கும் எண்ணெய் போட்டுட்டுப் போவார்.”

மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை அவள் சிரிப்பின் முடிவில் குரல் உடைந்தது. நடிகர் ஏதோ மெதுவாகச் சொன்னார். அது மேலே வரவில்லை. அவள் பேசினாள். நிறையப் பேசினாள். வாடகை அறையைப் பற்றி, முதல் மாதம் வானொலியைப் போட்டுக்கொண்டே தூங்கியதைப் பற்றி, சனிக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாததைப் பற்றி. எட்டு மாதம்! அதற்குள் எத்தனை ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போயிருக்கிறாள்! நேற்று வந்தவன், வேஷக்காரன், பத்து நாளில் தெரிந்துகொண்டுவிட்டான். அந்த ஆள் மேல் அவருக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. அதைவிட, காதை அந்தத் துளையிலிருந்து எடுக்க முடியவில்லை. மகள் இப்படிப் பேசி அவர் கேட்டதே இல்லை.

“சார், ஆச்சா?” என்று மூன்றாம் மாடியிலிருந்து காவலாளி குரல் கொடுத்தார்.

“ஆகிட்டிருக்கு” என்றார் மெக்கானிக்.

லிஃப்ட் மூன்றாம் மாடிக்கு வந்து கதவு திறந்தபோது அவர் கைக்கடிகாரப்படி பதினோரு நிமிடம் ஆகியிருந்தது.

“நல்லவேளை நீங்க இருந்தீங்கப்பா” என்றாள் மகள், மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்தவரிடம். முகம் கழுவித் துடைத்தது போல் இருந்தது.

“லோடு ஜாஸ்தி. இனிமே விளக்கெல்லாம் படியில தூக்கிட்டு வரச் சொல்லு” என்று சொல்லிவிட்டு, நடிகரின் முகத்தைப் பார்க்காமலே இறங்கிப் போனார்.

அப்புறம் மூன்று வாரம் அவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. மகள் போன் செய்தால் “ம், சரி.” ஞாயிறு வரட்டுமா என்றால் “வேலை இருக்கு.” நாலு தெரு தள்ளி இருக்கிற அவர் தங்கை, அண்ணன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார் என்று கேள்விப்பட்டு நேரே வந்து நின்றாள். தங்கைக்கு வாய் கொஞ்சம் நீளம். அண்ணனிடம் மிச்சமானதையும் சேர்த்து அவள்தான் பேசித் தீர்ப்பாள்.

“என்னண்ணா, கப்பல் கவுந்த மாதிரி உக்காந்திருக்கே?”

“அவ தனியா இருக்காளாம். எட்டு மாசமா. உனக்குத் தெரியுமா?”

நின்றிருந்த தங்கை பொத்தென்று உட்கார்ந்தாள். “என்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லலையே! அத்தை அத்தைன்னு என் தோள்ல தொங்கின பொண்ணு!”

அவளுக்கும் தெரியாது. அதில் அவருக்கு ஒரு சின்ன ஆறுதல் உண்டாயிற்று. அந்த ஆறுதலை நினைத்து உடனே வெட்கமாகவும் இருந்தது.

“உனக்கு யார் சொன்னது?” என்றாள் தங்கை.

அவர் நடந்ததைச் சொன்னார். அவளிடம் மறைத்து வழக்கமில்லை. தங்கை கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். “பெத்த பொண்ணை நடுவுல தொங்க விட்டுட்டு ஒட்டுக் கேட்டியா? நீயெல்லாம் ஒரு மனுஷனா? போ. போய் அவகிட்டயே சொல்லு. இல்லேன்னா நான் சொல்லுவேன். நான் சொன்னா எப்படிச் சொல்லுவேன்னு உனக்குத் தெரியும்.”

தெரியும். அதனால் மறுநாள் காலையே போனார்.

ஒரே அறை. தரையில் மெத்தை. ஒரு நாற்காலி. சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் காகிதங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி. கதவு திறக்கும்போது கீல் கிறீச்சிட்டது. அவர் கை தானாகக் கீலுக்குப் போயிற்று, பாதியில் இழுத்துக்கொண்டார்.

“எப்படிப்பா இந்த விலாசம்...” என்றவள் நிறுத்திக்கொண்டாள்.

“அன்னிக்கு மோட்டார் ரூம்ல இருந்து எல்லாம் கேட்டுச்சு” என்றார் அவர். “உங்க ஆபீஸ்ல விலாசம் வாங்கினேன்.”

“எல்லாமா?”

“மூணு நிமிஷத்துல இறக்கியிருக்கலாம். பதினோரு நிமிஷம் ஆக்கினேன்.”

அவளுக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. உறைத்ததும் கையில் இருந்த துண்டை மெத்தை மேல் வீசி எறிந்தாள். “அந்த இருட்டுப் பெட்டிக்குள்ள எனக்கு மூச்சு முட்டுச்சுப்பா! பேசிட்டே இருந்தா பயம் தெரியாதுன்னுதான் பேசினேன். நீங்க மேல உக்காந்து வேடிக்கை கேட்டுட்டு இருந்தீங்களா?”

அவள் சத்தம் போட்டு அவர் கேட்பதும் முதல் தடவை. ஜன்னலோரம் போய் நின்றாள். முதுகைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார்: “அந்த ஆள்கிட்ட சொன்னே. என்கிட்ட சொல்லல.”

“அவர் கேட்டார்பா.”

அவ்வளவுதான் அவள் சொன்னது. அவர் அந்த ஒற்றை நாற்காலியில் உட்கார்ந்தார். எழுந்து போய்விட வேண்டும் போல் கால் துடித்தது. சமையல் மூலையில் ஒரு குழாய் இருப்பதைக்கூடப் பார்த்துவிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

“ஏம்மா பிரிஞ்சீங்க?” என்றார் கடைசியில். தன் குரல் தனக்கே புதிதாக இருந்தது.

அவள் திரும்பினாள். “சண்டை ஒண்ணும் இல்லப்பா. அவர் நல்லவர்தான். வீட்ல சத்தமே இருக்காது. ரெண்டு பேரும் சாப்பிடுவோம், பாத்திரம் கழுவுவோம், தூங்குவோம். நம்ம வீட்லயே வளந்தவ இல்லையா, அது ஒரு குறைன்னே எனக்கு ரொம்ப நாள் தெரியல.”

அவர் அன்று மத்தியானம்வரை அங்கே இருந்தார். மேற்கொண்டு நாலு கேள்வி கேட்டார். அதில் இரண்டு, வாடகை எவ்வளவு, தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்பவை. மற்ற இரண்டுக்கு அவள் யோசித்துப் பதில் சொன்னாள். போகும்போது, “கதவுக்கு...” என்று ஆரம்பித்தார்.

“போடுங்கப்பா. ரொம்ப நாளா கத்துது” என்றாள்.

படம் அடுத்த வருடம் வெளியானது. சின்னத் தியேட்டர், மத்தியானக் காட்சி, அறுபது பேர் இருப்பார்கள். இடைவேளைக்கு முன்பே இரண்டு வரிசை முன்னால் ஒருவர் குறட்டை விட்டார். தங்கை எழுந்து போய் அவர் நாற்காலியை ஓர் உதை விட்டுவிட்டு வந்தாள். திரையில் அந்த அப்பா மொட்டைமாடிக்கு ஏறி, ஆளில்லாத அறையின் கதவை மூன்று தரம் தட்டி, ஒரு கணம் காத்திருந்து, பிறகு திறந்தார். மெக்கானிக் நாற்காலியில் நெளிந்தார். குழாய்க் காட்சி வந்தபோது தங்கை அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இத்தனை பேர் அழுவது அந்த ஆளைப் பார்த்தா, தன்னைப் பார்த்தா என்று அவருக்குப் புரியவில்லை. அந்த ஆளைப் பார்த்துத்தான் என்று முடிவு செய்து, அதற்கும் கொஞ்சம் புகைந்தார்.

வெளியே வந்ததும் நடிகரின் கையைக் குலுக்க வரிசை நின்றது. ஒரு அம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்கப்பா மாதிரியே இருந்தீங்க” என்று விம்மினாள். மெக்கானிக் தூண் ஓரமாக நின்றார். வரிசை கரைந்த பிறகு நடிகர் அவரைத் தேடிக்கொண்டு வந்தார்.

“அந்த மூணு தட்டு புளுகுன்னு மறுநாளே தெரியும் சார். உங்க கம்பெனி ஆள் ஒருத்தரைக் கேட்டேன்.”

மெக்கானிக்குக்கு முகம் சுண்டிப்போயிற்று. “பின்ன ஏன் தட்டினீங்க?”

“டைரக்டர்கிட்ட சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ‘எங்கப்பா அள்ளிவிட்டிருக்கார், இருக்கட்டும் சார், எங்கப்பாவே யோசிச்சது’ன்னாங்க.” சற்றுத் தயங்கிவிட்டுச் சொன்னார்: “நான் எவ்வளவு நல்லாச் செஞ்சாலும் மானிட்டரைப் பாத்துட்டு, ‘எங்கப்பா இப்படி இல்ல’ம்பாங்க. நாப்பது நாளும் இதே பேச்சுத்தான். எனக்கே உங்க மேல எரிச்சல் வந்துடுச்சு சார்.”

இதைக் கேட்டதும், முழுக்க அந்த ஆளுக்கே போன அப்பத்தில் பாதியைப் பிட்டு யாரோ தன் கையில் வைத்தது போல மெக்கானிக்குக்கு இருந்தது. அப்படியும் அவர், “ம்” என்று மட்டும் சொன்னார். அந்த ஆளை அவருக்கு அன்றும் பிடிக்கவில்லை. டீ மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

அந்த வாரம் ஒரு பத்திரிகையில், கதவைத் தட்டும் காட்சியைப் பற்றி மட்டும் அரைப் பத்தி பாராட்டி எழுதியிருந்தார்கள். கம்பெனிப் பையன்கள் அதைப் படித்துவிட்டு, இவர் மோட்டார் ரூமுக்கு வரும்போதெல்லாம் உள்ளேயிருந்து மூன்று தரம் தட்டினார்கள். படம் இரண்டு வாரம் ஓடியது.

அவர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். மகளுக்கு விவாகரத்து முடிந்தது. அதே அறையில்தான் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறாள். அவர் கேள்விகள் கேட்கிறார். பழக்கமில்லாத வேலை என்பதால் சில சமயம் போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடும். “போதும்பா, மீதிக்கு அடுத்த வாரம் வரேன்” என்பாள். சில நாள் அவளாகவே சொல்வாள்.

போன மாதம் ஒரு காலையில் போன் செய்தாள். “அப்பா, ரெண்டாவது படத்துக்குத் தயாரிப்பாளர் கிடைச்சாச்சு. இப்பத்தான் கையெழுத்துப் போட்டேன்.”

“நிஜமாவா? வேற யார்கிட்டயாவது சொன்னியா?”

“இப்பத்தாம்ப்பா பேனாவையே மூடினேன்.”

அவருக்குத் தலைகால் புரியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு நாலு தெருவும் நடந்து தங்கை வீட்டுக்குப் போய், மூச்சு வாங்க, விஷயத்தைச் சொன்னார். சொல்லும்போதே, முதலில் தனக்குத்தான் தெரியும் என்பதையும் இரண்டு தடவை சேர்த்துக்கொண்டார்.

தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். “ஆமா, நேத்தே சொன்னாளே. காலைல பத்து மணிக்குக் கையெழுத்து அத்தைன்னு.” சொன்ன பிறகுதான் அண்ணன் முகத்தைப் பார்த்தாள். உடனே அவசர அவசரமாக, “ஆனா நேத்து அது நிச்சயம் இல்லண்ணா. நிச்சயமானது உனக்குத்தான் முதல்ல” என்றாள்.

அவர் அப்படியே திரும்பி வந்துவிட்டார். தங்கையோடு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் மகளுக்குப் போன் போட்டு, படத்தில் என்ன கதை என்று கேட்டார். அவள் முக்கால் மணிநேரம் சொன்னாள். நடுவில் ஒரு தடவைகூட அவர் “சரி” என்று சொல்லிப் பேச்சை முடிக்கவில்லை.